நாயகிக்கு ஒரு பங்காளி

டணடணவென்று மணி அடித்தது. ஒரு மணி இல்லை. வாசல் மணி, மாடி மணி, சாப்பாட்டுக்கூடத்து மணி எல்லாம் ஒன்றாக அலறின. "எதிரி! எதிரி வந்தாச்சு!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள்.

தையல்காரி கையிலிருந்த துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பின்னால் தெருதான் இருந்தது. தெருவில் ஒரு நாய் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தால் எதிரியாகத் தெரியவில்லை. மறுபடி முன்னால் பார்த்தாள். கட்டடத்தின் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். அத்தனை தலைகளும் அவளையே பார்த்தன.

நடந்தது இவ்வளவுதான். டிராகன் பயிற்சிக் கழகத்தின் இந்த வருட நாயகி, தையல்காரியின் சித்தப்பா மகள் சிட்டு. உயரத்தில் குளிருமே என்று அவளுக்காகப் பஞ்சு வைத்துத் தைத்த மேல்சட்டையைக் கொடுத்துவிட்டு, மாலை வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்று தையல்காரி வந்திருந்தாள். வாசல் காவல்காரர், "நாயகிக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். அக்கா என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். கூடப் பிறந்தவள் இல்லையே, அரசாங்கக் கட்டடத்தில் பொய் சொன்னதாகிவிடுமே என்று ஒரு கணம் யோசித்தவள், சுத்தமாகப் பதில் சொன்னாள்.

"பங்காளி முறைங்க."

காவல்காரர் மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டார்.

"பங்காளி!" என்று அவர் கண் கலங்கினார். "வெறும் பொறாமைக்காரிங்களை வெச்சுத்தாம்மா இத்தனை வருஷமா ஓட்டிட்டிருக்கோம். அசல் பங்காளி வந்து எவ்வளவு நாளாச்சு! உக்காருங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

பிறகுதான் அவளுக்கு விஷயம் விளக்கப்பட்டது. விளக்கியவர் கழகத்தின் தலைவி. ஒரு காலத்தில் அவரே நாயகியாக இருந்தவர். நெற்றியில் ஒரு தழும்பு. அந்தத் தழும்புக்குக் கீழே, நீ சொல்வதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி ஒரு முகம்.

"டிராகன் ஏறுறது பெரிய விஷயமே இல்லம்மா," என்றார் தலைவி. "கழுதை மேல ஏறத் தெரிஞ்சவளுக்கு டிராகன் மேல ஏறத் தெரியும். நாயகின்னா அவளுக்கு எதிரி இருக்கணும். எதிரியோட தரம்தான் நாயகியோட தரம். இந்தக் கழகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து எங்க டிராகன் எதுவும் எந்த ஊரையும் காப்பாத்தினது கிடையாது. ஆனா எதிரிகள் தரத்துல நாமதான் முதலிடம். போன வருஷம் டிராகனுக்குத் தீனி வாங்குறதா, எதிரிகளுக்குக் கறுப்பு அங்கி வாங்குறதான்னு ஒரு கேள்வி வந்துச்சு. நான் ஒரு நொடி கூடத் தயங்கலை."

"அங்கி நல்ல துணிதாங்க," என்றாள் தையல்காரி. சுவரில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "தையல்தான் கொஞ்சம் கோணல்."

"உன் தங்கச்சிகிட்ட ஒரு குறை இருக்கு. எங்க ஆளுங்க என்ன பண்ணினாலும் அந்தப் பொண்ணு சிரிக்குது. பரீட்சைக்குச் சொந்தத்துல ஒரு எதிரி வேணும்னு விதி. சொந்த எதிரி இல்லாத நாயகிக்குப் பரீட்சை கிடையாது. நீ இப்ப வண்டி ஏறினா, அடுத்த வண்டியில அவளும் மூட்டையைக் கட்டிட்டு உன் பின்னாடியே வருவா. இஷ்டம் எப்படி?"

சிட்டு ஏழு வயதிலிருந்து வேறு எதுவும் கேட்டதில்லை. பொம்மை கேட்டதில்லை, புதுச்சட்டை கேட்டதில்லை. டிராகன், டிராகன் என்று அதே ஜபம். தையல்காரி பக்கத்து வீட்டம்மாவுக்கு ஆள் அனுப்பி, இரண்டு வீட்டு அடுப்பையும், இரண்டு வீட்டுக் கிழவர்களையும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எதிரியாகச் சேர்ந்துவிட்டாள்.

எதிரிப் பிரிவு தனிக் கட்டடம். டிராகன் கொட்டகை அதற்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம். எதிரிக் கட்டடத்துக் கதவுகளில் பலகைகள் தொங்கின. 'முதுகில் குத்தும் பிரிவு: பின்வாசல் வழியாக வரவும்.' 'சூழ்ச்சிப் பிரிவு: உணவு இடைவேளையில் சூழ்ச்சி இல்லை.' 'வஞ்சம் தீர்க்கும் பிரிவு: பழைய வஞ்சங்கள் மட்டும். புது வஞ்சங்களுக்கு அடுத்த வருடம் அணுகவும்.' உள்ளே வேலை பார்த்தவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள். பிள்ளைகளுக்குச் சளி என்றும், முட்டி வலி என்றும் பேசிக்கொண்டு, மணி அடித்ததும் எழுந்துபோய் யாரையாவது கறுவிவிட்டு வந்தார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே முதன்மை எதிரி. வயதான அம்மாள். எப்போதும் குளிருகிற உடம்பு. கறுப்பு அங்கிக்கு மேல் ஒரு கம்பளிச் சால்வை போர்த்தி, வெந்நீரை ஊதி ஊதிக் குடிப்பார். தையல்காரிக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்.

"கண்ணு, புருவத்தைத் தூக்கு. ரெண்டையும் தூக்கினா ஆச்சரியம். ஒண்ணைத் தூக்கினாத்தான் பகை."

தையல்காரி ஒன்றைத் தூக்கினாள். கூடவே காதும் தூக்கிக்கொண்டது.

"சரி, அது தானா வரும். சிரிப்புக்கு வா. ஹா, ஹா, ஹா. மூணாவது ஹா கீழே இறங்கணும். கிணத்துல வாளி விட்ட மாதிரி."

தையல்காரி சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே போன ஒருவர் நின்று, என்ன நல்ல சேதி என்று விசாரித்தார்.

சட்டதிட்டங்களும் இருந்தன. நாயகியும் எதிரியும் திட்டுவதற்குத் தவிர வேறு எதற்கும் பேசிக்கொள்ளக் கூடாது. தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் ஒரு கண்காணிப்பாளர் நின்று காது கொடுத்துக் கேட்டார். முதல் நாள் மாடிப்படியில் அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் வந்தார்கள். சிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழங்கினாள்.

"அடி துரோகி! சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்டி படுபாவி! நீ ஏன் இப்படி இளைச்சுப்போயிட்ட?"

"ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, சண்டாளி! அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கு?"

"வீக்கம் வத்திடுச்சு, நாசமாப்போறவளே! மேல்சட்டை கொண்டு வந்திருக்கேன், கை நீளம் சரியா இருக்கான்னு போட்டுப் பாரு!"

"போடுறேன், போடுறேன், உன்னைப் பாத்துக்கறேன்!"

கண்காணிப்பாளர் திருப்தியாகத் தலையாட்டினார். இப்படி உணர்ச்சியோடு திட்டிக்கொண்டு பல வருடமாயிற்று என்று மேலே சொல்லியும் அனுப்பினார்.

ஆனால் செய்முறையில்தான் தையல்காரி கோட்டை விட்டாள். அவளுக்கு முதலில் கொடுத்த துரோகம், சேணப் பட்டையை அறுப்பது. நாயகி டிராகன் மேலிருந்து விழ வேண்டும். கீழே வைக்கோல் போட்டிருக்கும். விழுந்தவள் எழுந்து சபதம் செய்ய வேண்டும். தையல்காரி கத்தரிக்கோலோடு கொட்டகைக்குப் போனாள். பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். எவனோ ஒற்றை நூலில், பல் இளிக்கிற மாதிரி தைத்து வைத்திருந்தான். அவளுக்குக் கை அரித்தது. உட்கார்ந்து, பிரித்து, மெழுகு போட்ட இரட்டை நூலில் நெருக்கமாகத் தைத்துவிட்டு வந்தாள். மறுநாள் சிட்டு விழவே இல்லை. வைக்கோலும் சபதமும் வீணாயின.

அடுத்தது அவதூறு. நாயகியைப் பற்றிச் சாப்பாட்டுக்கூடத்தில் நாலு பேர் காறித் துப்புகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும். தையல்காரி ரொம்ப நேரம் யோசித்து, "சின்ன வயசுல அவ தூக்கத்துல எழுந்து நடப்பா. ஒரு நாள் மாட்டுக் கொட்டகையில கன்னுக்குட்டியைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கினா," என்றாள். கூடமே அடடா என்று உருகியது. சூழ்ச்சிப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

தலைவி கூப்பிட்டனுப்பினார்.

"உனக்கு உன் தங்கச்சி மேல துளிக்கூடப் பொறாமை இல்லையா?"

"எதுக்குங்க பொறாமை? நான் வளத்த பொண்ணு."

"பங்காளின்னு சொன்னியே?"

"முறைதாங்க அது. எங்கப்பாவும் அவங்கப்பாவும்தான் பேசிக்க மாட்டாங்க. நடுவுல ஒரு சுவர். அதுல ஒரு ஓட்டை. நாங்க ரெண்டு பேரும் அந்த ஓட்டை வழியா விளையாடித்தான் வளந்தோம்."

தலைவி நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். "பரீட்சை அன்னைக்கு டிராகன் நெருப்பு விடணும். நாயகி டிராகன் மேல உக்காந்திருப்பா, எதிரி எதிரே நின்னு பேசுவா, நாயகிக்கு ரத்தம் கொதிக்கும், டிராகன் நெருப்பு விடும். இதுதான் முறை. விடலைன்னா அவ வீட்டுக்கு. டிராகன் செங்கல் சூளைக்கு, கல் சுமக்க. போய் ஒழுங்கா எதிரியா இரு."

சிட்டுவின் டிராகனுக்கு எல்லோரும் வைத்த பெயர் கொட்டாவி. வாயைத் திறந்தால் அதற்கு அதுதான் வரும். தீனி குறைவு என்பதால் எந்நேரமும் படுத்தே கிடக்கும். எதிரிகள் வரிசையாக வந்து அதன் முன்னால் கறுவுவார்கள். அது ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, தாடை கழன்றுவிடும் போல ஒரு கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கும். தையல்காரியைக் கண்டால் மட்டும் கழுத்தை நீட்டும். தாடைக்குக் கீழே சொறிந்துவிடுவாள் என்று அதற்குத் தெரியும்.

ஒரு மதியம் அவள் அப்படிச் சொறிந்துகொண்டிருந்தபோது, கொட்டகையைக் கழுவ இரண்டு பெண்கள் வந்தார்கள்.

"என் வாளியை எதுக்குடி எடுத்த?"

"உன் வாளியா? உன் பேரா எழுதியிருக்கு?"

"எழுதினாத்தான் தெரியுமா? அந்த ஒடிஞ்ச கைப்பிடியைப் பாரு! உன் புத்தி மாதிரியே கோணலா இருக்குன்னு நான்தான் கம்பி போட்டுக் கட்டினேன்!"

"யாரு புத்திடி கோணல்? இந்தா பாரு, போனாப் போகுதுன்னு பாக்குறேன்..."

குபுக் என்று ஒரு சத்தம். கொட்டாவியின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நீல நெருப்பு வந்து, வாளி கருகிச் சுருண்டது. இரண்டு பெண்களும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கொட்டாவி ஏப்பம் விட்டது மாதிரி ஒரு முகத்தோடு தையல்காரியைப் பார்த்தது.

அன்று மாலை குதிரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அக்காவும் தங்கையும் திட்டாமல் பேசிக்கொண்டார்கள்.

"ஏய், விஷயம் தெரிஞ்சுபோச்சுடி," என்று தையல்காரி கிசுகிசுத்தாள். "நடிப்புக்கு அது நெருப்பு விடாது. பக்கத்துல யாராவது நிஜமாவே கோவப்பட்டாத்தான் விடுது. வாளிச் சண்டை போட்டாளுங்க, விட்டுதே பாரு! இத்தனை நாளா இவங்க முன்னாடி நின்னு உறுமினதெல்லாம் வெறும் வேஷம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்ப நான் நிஜமா கோவப்படணுமா? உன் மேலயா?" சிட்டு சிரித்தாள். "எனக்கு எப்படிக்கா வரும்?"

"வர வெக்கிறேன். நீ டிராகன் மேல உக்காந்து கேட்டுக்கிட்டு மட்டும் இரு. உனக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"எல்லாம் சும்மாதானே?"

"சும்மாதான். பரீட்சைக்கு."

பரீட்சை நாள் வந்தது. மைதானத்தில் பந்தல். பந்தலுக்குக் கீழே தலைவி, நடுவர்கள், பிரிவு வாரியாக எதிரிகள். முதுகில் குத்தும் பிரிவினர் பழக்கதோஷத்தில் பந்தலுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். தலைவி எழுந்து பேசினார்.

"பகைதான் நம் பாடம். பாசத்தால் யாரும் பறந்ததில்லை. நான் பறந்தேன். எப்படி? எனக்கு ஒரு எதிரி கிடைத்தாள். அவளை நான் கொடுத்துவைத்தவள் என்பேன். அவளை இன்றுவரை பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட வீட்டுக்கு அனுப்பியதில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். முதன்மை எதிரி மட்டும் வெந்நீரை ஊதிக்கொண்டிருந்தார்.

கொட்டாவி நடு மைதானத்தில் படுத்திருந்தது. அதன் முதுகில், பஞ்சு வைத்த மேல்சட்டையில் சிட்டு. எதிரே கறுப்பு அங்கியில், கையில் ஒரு தகரக் கேடயத்தோடு தையல்காரி. அங்கியின் கோணல் தையலை முந்தின நாளே அவள் பிரித்துச் சரிசெய்திருந்தாள்.

மணி அடித்தது. முதலில் கழகம் கொடுத்த வசனம். "நாயகியே! உன் வீழ்ச்சி என் வேள்வி!" என்றாள். கொட்டாவி கொட்டாவி விட்டது.

சரி, இனி நம் வழி என்று தையல்காரி தொண்டையைச் செருமினாள்.

"ஏய், என் நீலச் சட்டையைக் கேக்காம எடுத்துப் போட்டுக்கிட்டு, கையில ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வசனத்தில் சட்டை கிடையாது.

"சிரி, சிரி. தட்டு கழுவுற முறை வந்தா உனக்கு வயித்துவலி வந்துடும். நான் உன் தட்டையும் சேத்துக் கழுவுவேன். கழுவி முடிச்சதும் வயித்துவலி போயிடும்."

கூட்டம் சிரித்தது. சிட்டு கோபப்படுவதாகக் காணோம். தையல்காரிக்குப் பயம் பிடித்தது. இவளுக்கு எங்கே வலிக்கும்? கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசினாள்.

"உங்கப்பா கிணத்தடியில விழுந்தாரே, அப்ப நீயா வந்த? நான்தான் தூக்கினேன். தினம் கட்டு மாத்துறவ நான். எங்கப்பனுக்கு இந்தப் பக்கம், உங்கப்பனுக்கு அந்தப் பக்கம். அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க, நான் சுவர் ஏறிக் குதிக்கணும். நீ லீவுக்கு வந்தா, 'அக்கா, நான் மேகத்துக்கு மேல போவேன் பாரு'ன்னு சொல்லுவ. நான் காலுறைக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டே கேட்டுக்குவேன்."

சிட்டுவின் சிரிப்பு நின்றது. கண் நிறைந்தது. அழுகைதான் வந்தது, கோபம் வரவில்லை. தையல்காரி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை. எங்கோ மூட்டை கட்டி வைத்திருந்தது அவிழ்ந்துகொண்டது.

"இந்தக் கழகத்துக்கு ஆள் எடுக்கிற அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்னு படுத்தேனே? காய்ச்சல் இல்லடி! எனக்கும் பறக்கணும்னு ஆசைதான். ஓட்டை வழியா ராத்திரியெல்லாம் டிராகன் கதை சொன்னது யாரு? நீயா? நான்தானே சொன்னேன்! ரெண்டு பேரும் போனா ரெண்டு கிழவங்களையும் யாரு பாக்கறதுன்னு போத்திக்கிட்டுப் படுத்தேன். நீ வாசல்ல நின்னு, 'ஒடம்பைப் பாத்துக்கோக்கா'ன்னு சொல்லிட்டு ஓடினே. உள்ள வந்து நெத்தியைத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு தடவை... என் நெத்தியைத் தொட்டுக்கூடப் பாக்கலையேடி நீ!"

கொட்டாவி எழுந்து நின்றது. அது தானாக எழுந்து நின்றதை அந்தக் கழகத்தில் யாரும் பார்த்ததில்லை. தலையைத் திருப்பி, தன் தாடையைச் சொறிகிறவளை விட்டுவிட்டு, பந்தல் பக்கம் வாயைத் திறந்தது.

நெருப்பு வந்தது. முழ நீளமில்லை, தெரு நீளம். பந்தலின் பாதி ஒரே மூச்சில் காணாமல் போயிற்று. சூழ்ச்சிப் பிரிவு சிதறி ஓடியது. பின்னால் நின்ற முதுகில் குத்தும் பிரிவினருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தலைவியின் கொண்டை புகைந்தது. அவர் அதைக் கையால் தட்டி அணைத்துக்கொண்டே, மேசை மேல் ஏறி நின்று கத்தினார்.

"அற்புதம்! முழு மதிப்பெண்! நாயகிக்கும் எதிரிக்கும்! கழக வரலாற்றிலேயே... யாராவது தண்ணி கொண்டு வாங்கடா!"

சிட்டுவை டிராகனிலிருந்து இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தையல்காரியையும் சுற்றிக்கொண்டார்கள். ஒருவர் கை குலுக்கினார்; ஒருவர், "அந்த நெத்தி விஷயம் எழுதிக் கொடுப்பீங்களா? எங்க வகுப்புக்குப் பாடமா வெக்கணும்," என்றார். காவல்காரர் தூரத்திலிருந்து, "நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்! வாசல்லயே!" என்று கூவினார்.

தலைவி புகைகிற தலையோடு வந்து, அவள் இரண்டு தோள்களையும் பிடித்தார். "நிரந்தர வேலை. தங்குறதுக்கு ஒரு அறை. உன் தங்கச்சி எந்த ஊருக்குப் பறந்தாலும் பின்னாடியே போய் எதிர்த்துக்கிட்டு இருக்கணும். சாகுற வரைக்கும். சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளைப் பாராட்டப் போய்விட்டார்.

முதன்மை எதிரி மெல்ல நடந்து வந்தார். கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையை எடுத்துத் தையல்காரியின் அங்கி மேல் போர்த்திவிட்டார்.

"வெச்சுக்கோ கண்ணு. அந்தக் கட்டடத்துல எப்பவும் குளிரும்."

"நீங்க யாருக்குங்க எதிரியா இருந்தீங்க?"

அந்த அம்மாள் கொண்டை கருகிய தலைவியைக் கண்ணால் காட்டினார். "எங்கம்மா பெத்த பொண்ணுதான். அந்தத் தழும்பு சின்ன வயசுல நான் ஊஞ்சல்ல வேகமா ஆட்டினதால வந்தது. இங்க அதைப் போர்க்காயம்னு சொல்லிக்கிறா. விட்டுட்டேன்."

தையல்காரி சால்வையைக் கழற்றி அந்த அம்மாள் கையிலேயே திணித்துவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள்.

சிட்டுவை இறக்கி விட்டிருந்தார்கள். கொட்டாவியின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். கொட்டாவி மறுபடி படுத்துவிட்டது. மேல்சட்டையின் ஒரு பக்கம் பொசுங்கி, பஞ்சு வெளியே தெரிந்தது. தையல்காரி பழக்கத்தில் அந்த ஓட்டையை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"இதை நான் தைச்சுக் கொடுத்துடுறேன். நீ பாஸாயிட்டடி! பாஸாயிட்ட!" என்றாள் மூச்சு வாங்க. "நான் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காத, என்ன? பேசிக்கிட்டோமே, எல்லாம் பரீட்சைக்காகத்தான். சும்மா நடிப்பு."

சிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, அவள் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"நான் அழுதுகிட்டுத்தானேக்கா இருந்தேன். நடிப்புக்கு அது நெருப்பு விடாதுன்னு நீதானே சொன்ன?"